கடைசிச் சரணத்தின் மேல்குரல்

அப்படியேதான் இருக்கு என்று சொல்லிவிட்டேன். விமான நிலையத்து வருகை வாசலில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த பெனடிக்ட் அண்ணன், என்னைக் கண்டதும் ஒரு கையை உயர்த்திச் சிரித்துவிட்டு, பக்கத்தில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது அதைத்தான். “மார்சி எப்படிடா இருக்கா?” எங்களைச் சுற்றி ஒரே கூட்டம். யாரையோ வரவேற்க மாலையும் கையுமாக ஒரு குடும்பம், பெயரெழுதிய அட்டை பிடித்த ஓட்டல் டிரைவர்கள், தரையில் உட்கார்ந்து அடம்பிடிக்கும் ஒரு குழந்தை. அந்த இரைச்சலில் என் வாயிலிருந்து அதுதான் வந்தது. “அப்படியேதான் இருக்குண்ணே.” அக்காவை அது என்று சொல்வது சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கம், அக்கா வந்துச்சு, அக்கா சாப்பிட்டுச்சு, அதில் மரியாதையும் உண்டு செல்லமும் உண்டு, ஆனால் இன்றைக்கு அந்தச் சொல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அப்படியேதான் இருக்கிறாள். விடிந்த கொஞ்ச நேரத்திலிருந்து அப்படியேதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நான் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது, அடுத்தது வரும், அடுத்தது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன், நர்ஸ் வந்து என் விரல்களை மெல்லப் பிரித்து எடுக்கும்வரைக்கும் காத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அப்போது கடலுக்கு மேலே எங்கோ தூங்கிக்கொண்டிருந்திருப்பான். அவளை உயிரோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் மெல்பர்னிலிருந்து கிளம்பியிருந்தான். அவனுடைய ஆஸ்திரேலிய சிம் இங்கே வேலை செய்யவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க வழியில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

வண்டியில் ஏறியதும் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன். ஏறியதும் அவன் சீட் பெல்ட்டைத் தேடினான், சரி, அதைப் போட்டு முடிக்கட்டும் என்று விட்டேன். பார்க்கிங்கை விட்டு வெளியே வந்ததும் சொல்லலாம் என்றால் வாசலில் ஒரே வண்டி நெரிசல், கண்ணை எடுக்க முடியவில்லை. மீனம்பாக்கம் ரோட்டில் ஏறிய பிறகு கத்திப்பாரா மேம்பாலம் தாண்டட்டும் என்று நினைத்தேன், பாலத்தின்மேல் வைத்துச் சொன்னால் வண்டியை ஓரம் கட்ட இடமிருக்காது, அவன் அழுதால் நான் என்ன செய்வேன். அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை. அப்பா செத்தபோதுகூட அவன் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று பூமாலைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். அறுபத்தைந்து வயதாகிறது, முன்தலையில் முடி இல்லை, கழுத்துத் தோல் தளர்ந்துவிட்டது, ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்தவுடன் ஏசியின் வாயைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வதில் அவன் அதே பெனடிக்ட்தான். மேம்பாலம் தாண்டிவிட்டது. சைதாப்பேட்டை ஆற்றுப் பாலம் வருகிறது. அண்ணே, ஒரு விஷயம் என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த மூன்று சொற்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், மூன்றாவது சொல்லைத் தாண்டி எதுவும் வரவில்லை, எப்போதும் விஷயத்தில் போய் நின்றுவிடுகிறது. விஷயமா அது? அக்கா ஒரு விஷயமா?

“இத பாரு,” என்று மடியில் இருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தான். பெரிய ஹெட்போன், காதை முழுக்க மூடுகிற மாதிரி, உள்ளே மெத்தை வைத்தது. “வார்டுல பக்கத்து ஆளுக்குத் தொந்தரவா இருக்குன்னு நர்ஸ் திட்டுதுன்னு மார்சி சொன்னா இல்ல? இத மாட்டிக்கிட்டா ஒருத்தருக்கும் கேக்காது. அவ காதுக்குள்ள மட்டும்தான். கடைல ரொம்ப நேரம் மாட்டிப் பாத்தேன்டா, க்ரேன்விக்ஸ் போட்டுப் பாத்தேன். அடேயப்பா! மூணு குரலும் தனித்தனியா நிக்குது. இந்தக் காதுல வால்டர், இந்தக் காதுல டெனிஸ், நடு மண்டைல கோலின்.” அவன் தன் உச்சந்தலையைத் தட்டிக் காட்டினான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே “ரொம்ப நல்லா இருக்குண்ணே” என்றேன். பெட்டியின் மூடியை அவன் பத்திரமாகச் செருகுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. இப்போது சொல்லியிருக்க வேண்டும். இதைவிட மோசமான நேரமும் இல்லை, இதைவிடப் பொருத்தமான நேரமும் இல்லை. அவன் குனிந்து டேஷ்போர்டைத் துழாவினான். “பாட்டு இல்லையா வண்டில?” பென்டிரைவ் செருகித்தான் இருந்தது. கீமோவுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்வந்த மாதங்களில் நான்தான் அவளுக்காக அதில் க்ரேன்விக்ஸ் பாட்டுகளை எல்லாம் ஏற்றிவைத்தேன், போகும்போது கேட்பாள், வரும்போது வேண்டாம் என்று கையசைப்பாள். கடைசியாக அவள் நிறுத்திய இடத்திலிருந்து பாட்டு தொடங்கியது, ஒரு வரியின் பாதியிலிருந்து, அண்ணன் “ஆ!” என்று சீட்டில் சாய்ந்துகொண்டான்.

க்ரேன்விக்ஸ் என்றால் இங்கிலாந்தில் வடக்கே ஏதோ மீன்பிடித் துறைமுகத்துப் பையன்கள், கோலினும் டெனிஸும் கூடப்பிறந்தவர்கள், வால்டர் பக்கத்து வீட்டுக்காரன், கோயில் பாடகர் குழுவில் மூன்று பேரும் சேர்ந்து பாடிப் பழகியவர்கள். கிட்டாரும் டிரம்ஸும் வந்த பிறகும் அந்தக் கோயில் அவர்கள் தொண்டையை விட்டுப் போகவில்லை. பெரம்பூரில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் சாயங்கால ரேடியோவில்தான் முதலில் கேட்டோம், சிலோனிலிருந்து இங்கிலீஷ் பாட்டு வரும், காற்றடித்தால் குரல் கடலுக்குள் போய் முங்கி எழும். அப்பாவுக்குப் பிடிக்காது. “ராக் பாட்டுன்னா உறுமணும். இவனுங்க திவ்ய நற்கருணைக்கு முழங்கால் போட்ட மாதிரி பாடுறானுங்க” என்பார். பக்கத்து வீட்டு டிக்ரூஸ் அங்கிள் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கிறிஸ்மஸ் நடனத்துக்கு டிரம்பெட் வாசிப்பவர், அவர் அபிப்பிராயம் வேறு, அந்த மூணு பேரும் தனித்தனியாப் பாடினா ஒருத்தனையும் ஒரு நிமிஷம் கேக்க முடியாது, சேர்ந்து பாடினா எந்திரிச்சுப் போக முடியாது, அவ்வளவுதான் என்பார். மார்சி அக்காதான் அதைச் சோதித்துப் பார்த்தாள். கோயில் கொயரில் அவளுக்கு சுரம் பிரிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அண்ணனுக்குக் கீழ்க்குரல், தனக்கு நடு, எனக்கு மேல்குரல், ஏனென்றால் எனக்கு இன்னும் குரல் உடையவில்லை. சமையலறையில் நின்று பாடுவோம், அங்கேதான் எதிரொலி நன்றாக வரும் என்பாள், அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஆமென் ஆமென் என்று கிண்டலடிப்பாள். மூன்று குரலும் சரியாகப் பொருந்துகிற இடத்தில் நாலாவதாக ஒரு சத்தம் கேட்கும், யாரும் பாடாத சத்தம், தட்டு அலமாரியில் ஏதாவது ஒரு டம்ளர் லேசாக அதிரும். அப்போது அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு என் குரல் உடைந்துவிட்டது. ஒரு நாள் காலையில் பாடப்போனால் தகரத்தை இழுப்பதுபோல வந்தது, அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான், அக்கா சிரிக்கவில்லை, சரி நான் மேல போறேன், நீ நடுவுல வா என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். அந்த உயரம் அவளுக்குக் கஷ்டம் என்பது அவள் கழுத்து நரம்பைப் பார்த்தால் தெரியும்.

தேனாம்பேட்டை சிக்னலில் நிற்கும்போது மேல்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஜெசிந்தா. எடுக்காமல் இருக்க முடியாது, எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டேன், அவள் குரல் வெளியே கசிந்துவிடக் கூடாது. என் மனைவிக்குச் சாதாரணமாகவே உரத்த குரல். “சொல்லிட்டீங்களா?” “ம்… வந்துக்கிட்டிருக்கோம்.” “சொல்லலையா? என்னங்க நீங்க! பெட்டி வந்து ஹால்ல வெச்சாச்சு. ஃபாதர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாரு. தெருமுனைல சாமியானா போடுறாங்க.” “போஸ்டர்?” என்று மட்டும் கேட்டேன். “தெருப் பசங்க ஒட்டிட்டாங்க. நான் வேணாம்னு சொல்றதுக்குள்ள ஒட்டிட்டாங்க. ரேஷன் கடைச் செவுத்துல, முனைல டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல, எல்லா இடத்துலயும். அவரு அதப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுங்க. கேக்குதா?” “சரி, சரி” என்று வைத்துவிட்டேன். “யாரு, ஜெசியா? சாப்பாடு செஞ்சு வெச்சிருக்காளாமா?” என்றான் அண்ணன். ஆமாம் என்று தலையாட்டினேன். தலையாட்டுவது பொய்யில் சேருமா? போஸ்டரில் எந்தப் போட்டோவைப் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பணி ஓய்வு விழாவுக்கு எடுத்ததாகத்தான் இருக்கும், நீலப் புடவை, கழுத்து நிறைய மாலை. கண்ணீர் அஞ்சலி என்று மேலே, கீழே மார்செலின் டீச்சர் என்று கொட்டை எழுத்தில். தெருமுனை திரும்பியதும் அந்தச் சுவர்தான் முதலில் தெரியும். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே இருக்கும் ரோடு குறைந்துகொண்டே வருகிறது, நான்தான் வண்டியை ஓட்டுகிறேன், நானே குறைத்துக்கொண்டும் போகிறேன். ஜெமினி பாலத்தில் ஏறும்போது வேண்டுமென்றே மெதுவாகப் போனேன், பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான்.

அண்ணன் மெல்பர்ன் கச்சேரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தான். போனில் பலமுறை சொன்ன கதைதான். வால்டர் இறந்த பிறகு கோலினும் டெனிஸும் பல வருஷம் பேசிக்கொள்ளாமல் இருந்து, கடைசியில் கிழவர்களாகி, ஒரே மேடையில் ஏறினார்கள், அண்ணன் முன்வரிசையில் டிக்கெட் வாங்கினான். “கோலின் நடந்து வரான், கால் இழுக்குது. டெனிஸ் உக்காந்துதான் பாடினான். மேல்குரல் பாடறதுக்கு ஒரு சின்னப் பையனக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. நல்லாத்தான் பாடினான். சுத்தமாப் பாடினான். ஆனா எனக்கு எந்திரிச்சுப் போய் அவன் வாயப் பொத்தணும் போல இருந்துச்சு. பக்கத்துல ஒரு வெள்ளைக்காரம்மா, என்னவிட வயசானவங்க, என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. யாருன்னே தெரியாது. கச்சேரி முடியிறவரைக்கும் விடல.” அந்தக் கிழவிக்கு யார் நினைவு வந்ததோ. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நான் போனில் படித்துக்கொண்டிருந்த ஆட்களில் அவளும் இருக்கலாம். அக்கா தூங்கும் பகல்களில் எனக்கு வேறு வேலையில்லை, பாட்டு வீடியோவுக்குக் கீழே உலகம் முழுக்க ஜனங்கள் எழுதிவைத்திருப்பதைப் படிப்பேன். கப்பலில் வேலை பார்த்தபோது இந்த ஒரு கேசட்தான் இருந்தது என்று ஒருவன். இவர்கள் வெறும் சர்க்கரைப் பாகு, அந்தக் காலத்தில் இதைக் கேட்டவர்களை நாங்கள் கிண்டலடிப்போம், இன்றைக்கு ஏன் அழுகிறேன் என்று தெரியவில்லை என்று இன்னொருவன். வால்டர் இல்லாத பாட்டெல்லாம் மூன்று கால் நாற்காலி என்று ஒருத்தி எழுத, அதற்குக் கீழே பெரிய சண்டை. என் மகளின் கடைசி வாரத்தில் இதைப் போட்டோம் என்று ஒரு தகப்பன், ஒரே ஒரு வரி, அதற்குக் கீழே யாரும் சண்டை போடவில்லை. நானும் எழுத முயன்றேன். நாங்கள் மூன்று பேர், சென்னையில், என்று ஆரம்பித்தேன். நாங்கள் மூன்று பேர் என்பதற்குப் பிறகு இருக்கிறோம் என்று எழுதுவதா இருந்தோம் என்று எழுதுவதா என்று தெரியாமல் அழித்துவிட்டேன். அப்போது அக்கா உள்ளே உயிரோடுதான் இருந்தாள். நான் ஏன் இருந்தோம் என்று யோசித்தேன்? யோசித்ததால்தானோ? இல்லை. அப்படியெல்லாம் கிடையாது. டாக்டர் முன்னமே சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தச் சொல் என் விரல் நுனியில் ஒரு முறை வந்துவிட்டுப் போனது.

சேத்துப்பட்டு தாண்டியாயிற்று. வெயில் கண்ணாடியில் நேராக விழுந்தது, மறைப்பை இறக்கினேன், அதன் பின்பக்கத்தில் அக்கா செருகிவைத்த ஸ்கேன் ரசீது ஒன்று மடியில் விழுந்தது, அதைக் கதவிடுக்கில் திணித்தேன். மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அண்ணன் ஊரைப் பார்த்து அதிசயப்படவில்லை, எது எங்கே போயிற்று என்று கேட்கவில்லை, பாட்டையே கேட்டுக்கொண்டு வந்தான், அவ்வப்போது தன் கீழ்க்குரலை முணுமுணுத்தான். என்னையும் சேர்ந்துகொள்ளச் சொல்லி முழங்கையால் இடித்தான். நான் வாயைத் திறந்தால் பாட்டு வராது. அவன் குரல் நன்றாகத்தான் இருந்தது இன்னும், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, அதற்கு மேலே இருக்க வேண்டிய இரண்டு இடமும் காலியாக இருக்க, அவன் தனியாக அடியில் போய்க்கொண்டிருந்தான், அவனுக்கு அது தெரியவில்லை. என் இடத்தைக் காலியாக விட்டது நான்தான், பாடலாம், பாடினால் என்ன, ஆனால் பாடினால் இரண்டு குரல்தான் இருக்கும். ஓட்டேரியில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. அப்போதுதான் “தர்ஸ்டே விண்டோ” தொடங்கியது.

“ஆங்! வந்துட்டாண்டா!” என்று அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எங்கள் வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஓயாத சண்டை அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. பாட்டு முழுக்க மூன்று குரலும் ஒன்றையொன்று தாண்டாமல் போகும், கடைசிச் சரணத்தில் மட்டும் திடீரென்று ஒரு குரல் தனியாக மேலே ஏறும், மற்ற இரண்டும் கீழே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். வழக்கமாக மேல்குரல் பாடுகிற வால்டர் இல்லை என்பது மட்டும் தெரியும், அது யார் என்று ரிக்கார்டு உறையில் போடவில்லை. அண்ணனைக் கேட்டால் மூத்தவன் கோலின். என்னைக் கேட்டால் இளையவன் டெனிஸ், எப்போதும் அடங்கியே பாடுகிற டெனிஸ், அந்த ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏறுகிறான். கடிதாசியில் சண்டை போட்டிருக்கிறோம், ஐ.எஸ்.டி. போட்டுச் சண்டை போட்டிருக்கிறோம், என் கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சண்டை போட்டிருக்கிறோம். அக்கா மட்டும் எந்தப் பக்கமும் சேரமாட்டாள். கேட்டால் சிரிப்பாள். மூணு பேரும் ஒண்ணாப் பாடுறதுல யார் குரல்னு என்னடா போலீஸ் விசாரணை என்பாள். ஆனால் அவளுக்குத் தெரியும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே ஒரு சந்தேகம், ஏனென்றால் கொயரில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றே யார் சுரம் விட்டார்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அவள்.

குரல் ஏறியது. “கோலின்,” என்றான் அண்ணன், விரலை உயர்த்தி. நான் வண்டியை ஒரு அடி முன்னால் நகர்த்தினேன். “என்னடா? ஒத்துக்கிட்டியா?” அவன் என்னையே பார்ப்பது தெரிந்தது. அவன் முகத்தில் அந்தப் பழைய சீண்டல். இத்தனை மணி நேரப் பயணம், தூக்கமில்லாத கண், அதற்குள்ளும் அது இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது. “டெனிஸ்தான்.” “அப்படிச் சொல்லு!” என்று தொடையில் அடித்துச் சிரித்தான். “சரி, இன்னிக்கு இத முடிச்சிடுவோம். மார்சிகிட்டயே கேட்டுடலாம். இவ்வளவு வருஷமா நழுவிக்கிட்டே இருக்கா. ஹெட்போன மாட்டி, கடைசிச் சரணத்தப் போட்டு, யாரு சொல்லுன்னா சொல்லித்தானே ஆவணும்? பேச முடியலன்னா விரலக் காட்டட்டும். ஒண்ணுன்னா கோலின், ரெண்டுன்னா டெனிஸ். டேய், வீட்டுக்கு அப்புறம் போய்க்கலாம், நேரா ஆஸ்பத்திரிக்கு விடு.” சிக்னல் வந்துவிட்டது. இடது கைப்பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி, நேரே போனால் வீடு. மாதக்கணக்காக இங்கே இடது பக்கம் திரும்பித் திரும்பி என் கை இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது. டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டிருந்தது.

“கேக்க முடியாதுண்ணே,” என்றேன்.

“ஏன், டியூப் போட்டிருக்காங்களா?”

“இல்ல.”

“தூங்குறாளா?”

“காலைலண்ணே,” என்றேன். “காலைல… வெளிச்சம் வந்ததும்.”

பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. யாரோ ஒருவன் பைக்கை என் ஜன்னலோடு உரசி நிறுத்தி ஏதோ திட்டிவிட்டுப் போனான். நான் கிளட்சை மிதித்தபடியே இருந்தேன். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது, கைதட்டலும் துள்ளலுமாக ஒன்று, அதை நிறுத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை அவனுக்கும் தோன்றவில்லை. அவன் ஹெட்போன் பெட்டியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்துபோன பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி, என்னைத் தாண்டி, இண்டிகேட்டரை அவனே அணைத்தான்.

“வீட்லயா வெச்சிருக்கீங்க?”

“ஆமாண்ணே.”

“நீ கூட இருந்தியா?”

“கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“சரி,” என்றான். “சரி. வண்டிய எடு.”

எடுத்தேன். ஏன் வந்ததும் சொல்லவில்லை என்று கேட்பான் என்று காத்திருந்தேன். திட்டுவான், அல்லது மூஞ்சியை மூடிக்கொள்வான், எதற்காவது என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தேன். அவன் கேட்கவில்லை. பெரம்பூர் வந்துகொண்டிருந்தது, கடைகள், பழ வண்டிகள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், அவர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருப்பாள், அவர்களுக்கு இல்லாவிட்டால் அவர்களுடைய அம்மாக்களுக்கு. போஸ்டர் இருக்குண்ணே, தெருமுனைல, நீலப் பொடவை போட்டோ, என்று சொன்னேன். தலையசைத்தான். கொஞ்ச தூரம் போன பிறகு, என்னிடம் என்றில்லாமல், கண்ணாடியிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

“டெனிஸ்தான்டா.”

“என்னண்ணே?”

“அந்தக் குரல். நீ சொன்னதுதான் சரி. டெனிஸ்தான்.”

அவன் எதைச் செய்கிறான் என்று எனக்குப் புரிந்தது. இனிமேல் கேட்பதற்கு ஆளில்லை என்று ஆன பிறகு சண்டையை யாரை வைத்துக்கொண்டு போடுவது, அதனால் விட்டுக்கொடுக்கிறான். காலையிலிருந்து நர்ஸ் சொன்னார்கள், டாக்டர் எழுதிக்கொடுத்தார், ஃபாதர் ஜெபம் சொன்னார், பெட்டிக்காரர்கள் வந்து அளவு கேட்டார்கள், ஒன்றும் எனக்குள் இறங்கவில்லை. இது இறங்கியது. அக்கா செத்துப்போய்விட்டாள்.

“வேணாண்ணே,” என்றேன். என் குரல், அது உடைந்த அன்றைக்குப் போலவே, தகரமாக வந்தது. “நீ கோலின்னே சொல்லு. எப்பவும் போல கோலின்னே சொல்லுண்ணே.”

அவன் சொல்லவில்லை.